முந்தானைக்குள் ஒரு கட்டைவிரல்

நான் எம்.எஸ்சி. கணிதம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ரிஷிவந்தியம் பக்கத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தபோது, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டுத்தான் கூட்டுவேன். நான்காம் வகுப்பில் டீச்சர், "இன்னும் கையாலயா எண்ணிக்கினு கீற?" என்று கேட்க, வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மேசைக்கு அடியில் போன கை, கல்லூரியில் துப்பட்டாவுக்குள் போனது. வேலைக்கு வந்ததும் முந்தானைக்குள். நுண்கணிதமெல்லாம் கரைத்துக் குடித்தேன். ஏழையும் எட்டையும் மட்டும் இன்றைக்கும் கட்டைவிரலைக் கேட்காமல் கூட்ட வராது. இதுதான் என் கணித வளர்ச்சி.

இந்த லட்சணத்தில், கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கல்வராயன் மலையில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒருத்தி விரல் விட்டு எண்ணினாள். "ஆறாவது வந்தும் கையாலயா?" என்றேன். எனக்கு வாய் மட்டும் நீளம். வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. படிப்பையே விட்டுவிட்டாளானால் அந்தப் பாவம் என் தலையில்தான்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன்.

"இன்னா டீச்சர், இம்மாந்தூரம்?" என்றாள் அவள் அம்மா. "கணக்கு வராதாங்க. இனிமே மரவள்ளிக் காட்டு வேலைக்கே வரேன்றா."

பேரம் பேசிப் பார்த்தேன். "மரவள்ளி புடுங்கறப்போ லீவு தரேன். மத்த நாளெல்லாம் அனுப்புங்க. எப்போ புடுங்குவீங்க?"

"வைகாசியில நட்டதுங்க. பத்து மாசம் ஆவணும்."

முந்தானைக்குள் கட்டைவிரல் ஓடியது. வைகாசி, ஆனி, ஆடி... "மாசி!" என்றேன், பெரிய மேதை மாதிரி.

கதவோரம் நின்றவள் வெளியே வந்தாள். எல்லோரும் பார்க்கக் கையை நீட்டி, ஆனியிலிருந்து ஒவ்வொரு கணுவாகத் தொட்டாள்.

"பங்குனி, டீச்சர். நட்ட மாசத்தையும் சேத்து எண்ணிட்டீங்க." பிறகு என் முந்தானையைப் பார்த்தாள். "நீங்களும் கையாலதான் எண்ணுவீங்களா?"

மானம் கப்பலேறியது. "ஆமா" என்றேன்.

"அத கிளாஸ்ல சொல்லுங்க. நான் வரேன்."

திங்கட்கிழமை கரும்பலகை முன்னால் நின்றேன். கையைத் தூக்கி, ஏழோடு எட்டைக் கணு கணுவாகக் கூட்டத் தொடங்கினேன். வகுப்பு சிரித்தது, சிரிக்கட்டும். என் கட்டைவிரல் பாதி வழியில் இருக்கும்போதே மூன்றாவது பெஞ்சிலிருந்து அவள் குரல் வந்தது.

"பதினஞ்சு, டீச்சர்."