பிரேக் பிடித்தவர்

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிக்கு என்னைப் பைக்கில் ஏற்றிச் சென்றவர், காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்ட். ஒல்லியான மனிதர். காற்று புகாதிருக்கச் சட்டையைக் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். கிளம்புமுன் முன் டயரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு பறந்தார்.

வழியில் ஒரு பஸ்ஸை முந்தும்போது, எதிரே தீப்பெட்டிக் கட்டுகளுடன் மொபெட் ஒன்று வந்தது. இரண்டுக்கும் நடுவில் புகுந்து தப்பித்தோம்.

"கைதேர்ந்த ஆளுண்ணே நீங்க" என்றேன்.

அவர் வண்டியைத் திருப்பினார். மொபெட்காரர் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

"நீங்க பிரேக் பிடிச்சீக, நாங்க பொழச்சோம். தப்பு எம்மேலதாங்க" என்று அவரைக் கும்பிட்டார் ஏஜெண்ட்.

அதன்பின் ஊர் சேரும்வரை மெதுவாகவே ஓட்டினார். மறுநாள் மறுபடியும் பறந்தாரா, தெரியாது.

பாய்ந்து வருகிறவர்களுக்காக நானும் எத்தனையோ முறை பிரேக் பிடித்துவிட்டேன். இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை.