பன்னிரண்டும் நாலும்

ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கில் நூற்றுக்கு நூறு. அந்தத் திமிரில் நான் செய்த ஒரு காரியத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். முதல் தடவை லீவில் வந்தபோது நடவு நேரம், அழைத்துவர யாரும் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறி, மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். எல்லார் வீட்டிலும் வேன் வைத்துப் போகிறார்கள், இவர் மட்டும் கேட்பாரற்ற ஆள் மாதிரி வந்தாரே என்று அம்மாவுக்கு இரண்டு வருஷமாக மனசு ஆறவில்லை. "இந்தத் தடவை அவங்க வெளிய வரும்போது நாம வாசல்ல நிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அப்போது லேண்ட்லைன் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபிளைட் கிளம்புகிறது என்று அப்பா சொல்லும்போதே போன் கார்டு தீர்ந்து லைன் கட்டாகிவிட்டது. திருச்சிக்கு எத்தனை மணிக்கு வரும்? நான் விடுவேனா? அட்லஸில் நூலை வைத்து அளந்தேன். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். பறக்க நாலு மணி நேரம் என்று கூத்தாநல்லூர் டிராவல்ஸ்காரர் சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டும் நாலும் பதினாறு. சாயங்காலம் நாலு மணி என்று தீர்ப்புச் சொன்னேன்.

"மெட்ராஸுக்கே பஸ்ல எட்டு மணி நேரம் ஆவுது. சிங்கப்பூரு நாலுதானா? அப்ப டீ குடிக்க அங்கயே போயிட்டு வரலாம் போலருக்கே" என்றார் சித்தப்பா.

வேனில் பதினோரு பேர் ஏறினோம். நேரம்தான் கிடக்கிறதே என்று தஞ்சாவூரில் இறங்கி நிதானமாகச் சாப்பிட்டோம். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சித்திரை வெயிலில் அப்பா வெளியே நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பெட்டி மேல் இரண்டு காலி டீ கப்.

அம்மா ஓடினாள். "எப்பங்க வந்தீங்க?"

"இப்பதான் வெளிய வந்தேன். கரெக்டா வந்துட்டீங்களே!"

"நான்தாம்ப்பா கணக்குப் போட்டேன்" என்று குதித்தேன். பன்னிரண்டும் நாலும் என்று விளக்கமும் சொன்னேன். அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தூக்கிக்கொண்டு, "எம்பொண்ணு கணக்கு தப்புமா?" என்றார். அம்மா முந்தானையால் அவர் முதுகைத் துடைத்துவிட்டாள். பெட்டி மேல் இருந்த இரண்டு காலி கப்பையும் பார்த்துவிட்டு, எடுத்துக் குப்பையில் போட்டாள்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். அப்பா ஒன்றரை மணிக்கே வந்து இறங்கிவிட்டார். படித்து முடித்து வேலைக்காக நானே அதே ஊருக்கு விமானம் ஏறி, கைக்கடிகாரத்தை மாற்றி வைத்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. பக்கத்து சீட்டுக்காரர் பார்க்க அழுதேன்.

அன்றைக்கு வேனில் வழி நெடுக என் கணக்கை ஆள் ஆளுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். பொதுவில் அப்பா பக்கத்தில்கூட உட்காராத அம்மா, அத்தனை பேர் பார்க்க அவர் கையைப் பிடித்தவள் ஊர் வரும்வரை விடவில்லை. கண் கலங்கியே இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த பெருமைதான் அப்படி வழிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.