பலகையைப் படித்துவிட்டு நின்றேன்

புதூர்நாட்டில் ஆசிரியராக இருக்கும் என் கணவர் சொன்னதால், அஞ்சல் வழியில் பி.ஏ. படித்து வந்தேன். நேரடி வகுப்புக்காகக் கைக்குழந்தையான மகளுடன் பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தபோது, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வளாகத்து மருத்துவ அறையின் வாசலில் 'மாணவர்களுக்கு மட்டும்' என்று பலகை இருந்தது. வருடத்தில் சில நாள் மட்டும் வரும் நான் மாணவியா? அப்படியே இருந்தாலும் குழந்தை? குழம்பிப்போய் வெளியிலேயே நின்றேன். அவள் கண் செருகியதும் அலறிவிட்டேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, இங்கயே நின்னுக்கினு இருக்க? கூப்பிடக் கூடாதா?"

"போர்டு போட்டிருக்குதுங்களே..."

"நல்லா படிச்ச, போ! புள்ளய குடு."

ஈரத்துணியால் துடைத்து, டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மகள் கண் விழித்து அழுதாள். பல்கலைக்கழக விதிமுறை இடம் கொடுத்ததா, அது அந்த நர்ஸின் இரக்கமா, இன்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பலகையைப் பார்த்தாலும் உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.