மழையில் நின்ற சேவல்

எங்கள் கினிக்கோழி வீட்டுக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் அடைகாத்தது. "அத நம்பாத தங்கச்சி, மழை பேஞ்சா முட்டைய விட்டுட்டு ஓடிடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அன்று மாலையே மழை கொட்டியது. கைக்குழந்தையைக் கணவரிடம் திணித்துவிட்டுக் குடையோடு ஓடினேன். கீழே போட்டுவிடுவாரோ என்ற பயத்தில் அதுவரை அவரிடம் கொடுத்ததே இல்லை.

கோழி சிறகை விரித்து முட்டைகளை மூடிக் கிடந்தது. குடை பிடித்த என் கையைக் கொத்தியது. சற்றுத் தள்ளி, சொட்டச் சொட்ட நனைந்தபடி அதன் ஜோடிச் சேவல் காவல் நின்றது.

குழந்தையின் நினைவு வர, பதறி வீட்டுக்குள் வந்தேன். மகன் அவர் மார்பில் கிடந்தான்.

"சத்தம் போடாத, இப்பத்தான் தூங்குனான். கோழி உன்னைத் துரத்திடுச்சா?" என்று கிசுகிசுத்தார்.

மகனை வாங்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு தேநீர் போட்டேன். பிள்ளை பெற்றபின் நான் சூடாகக் குடித்த முதல் தேநீர் அது.