முழிப்பு ஷிப்ட்

சுனிதா அக்காவிடம் பதினோரு நோட்டுகள் இருக்கின்றன. பதினொன்றிலும் தூங்குகிற மனிதர்கள். ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தவர்கள், டிபன் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள், கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குகிறவர்கள். ஒரு முந்தானை கசங்கியிருக்கும் விதத்தைப் பார்த்தே அந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்து சோறு வடித்திருப்பார் என்று சொல்லிவிடலாம். அப்படி ஒரு கை!

அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் வீடு. பெங்களூரில் பள்ளிக்கூட கைடு போடும் ஒரு கம்பெனியில் படம் வரைகிறார். தவளையின் இதயம், செம்பருத்தியின் குறுக்குவெட்டு, மின்சார மணியின் சுற்று. ஆறு வருடமாக மாரிக்குப்பத்திலிருந்து வரும் காலை ரயிலில்தான் போய்வருகிறார். எதிர் சீட்டில் இரண்டு வருடமாக நான்.

இந்த ரயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மூன்றரைக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளுக்குக் கட்டிவைத்துவிட்டு ஏறுகிறவர்கள் இவர்கள். பெமல் நகர் தாண்டுவதற்குள் பெட்டியே தூங்கிவிடும். யாரும் யாரையும் எழுப்பக் கூடாது. போனில் சத்தமாகப் பாட்டு வைத்தவனை ஒருநாள் பெட்டி மாற்றியே அனுப்பிவிட்டார்கள். அந்த அமைதியில் அக்கா ஒருவர் மட்டும் விழித்திருந்து வரைவார்.

போன வருடம் அவரைக்காய் சீசனில் அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடும் ஒரு சின்ன பதிப்பகம். ஸ்டேஷனில் தொலைந்துபோன ஒரு சிறுமி, அவளைக் கண்டுபிடிக்கும் ஒரு பூக்காரம்மா, இவ்வளவுதான் கதை. அக்கா மாதிரிக்கு மூன்று பக்கம் வரைந்து அனுப்பினார். எடிட்டர் ஸ்வப்னா போனில் கூப்பிட்டார்.

"உங்க கோடு ரொம்ப அழகு சுனிதா. ஆனா இந்தப் பொண்ணு பூக்காரம்மாவ பாக்கவே இல்லையே? ரெண்டு பேருக்கும் கண்ணு தொறந்திருக்கு, அவ்ளோதான். கதையே அந்தப் பார்வையிலதான் இருக்கு. அந்த ஒரு பக்கத்த மட்டும் பத்து நாள்ல திரும்பப் போட்டு அனுப்புங்க. அது வந்துடுச்சுன்னா புக் உங்களுது."

அன்று வீட்டில் பதினோரு நோட்டையும் தரையில் விரித்துப் பார்த்தாராம். ஆறு வருடத்தில் ஒரு திறந்த கண்கூட இல்லை! கண்ணாடியைப் பார்த்துத் தன் கண்ணையே வரைந்தார். அது எதையோ அளவெடுக்கிற கண்ணாக வந்தது. போட்டோவைப் பார்த்து வரைந்தார், அது கேமராவைப் பார்த்தது. மூன்று நாள் வரைந்து வரைந்து கிழித்தார். நான்காவது நாள் ரயிலில் என்னிடம், "நான் தவளை போடறவதான். எனக்கு எதுக்கு இந்த ஆசையெல்லாம்" என்று சொல்லிவிட்டு, நோட்டை மடியில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அவர் ரயிலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

பங்காரப்பேட்டையில் ரயில் குலுங்கி நின்றபோது நோட்டு நழுவி, வெங்கடம்மாவின் கால்மேல் விழுந்தது. வெங்கடம்மா வொய்ட்ஃபீல்டில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர், ஐம்பத்தைந்து வயது. தூக்கம் கெட்ட கோபத்தில் நோட்டை எடுத்தார். பிரித்தார். அவ்வளவுதான்.

"இன்னாடி இது! நான் வாயத் தொறந்துனு கீறேன்!"

பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சம்பங்கி அண்ணன் எழுந்தார். லேத் பட்டறைக்காரர். எட்டிப் பார்த்தார். "ஈ பூந்துடும்போல கீதுக்கா."

"உன்னையும் போட்டுனு கீறா, பாரு. எச்சி வடியுது."

"அது நெழல்."

"எச்சிடா."

நர்சரி ஸ்கூல் டீச்சர் எலைன் மிஸ், அடுத்த பக்கத்தில் தன்னைப் பார்த்துவிட்டார். படத்தில், சம்பங்கி அண்ணன் தோளில் நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். "ஐயோ ஆண்டவரே! எங்க வீட்டுக்காரர் பாத்தா?"

"நான் இதுவரைக்கும் கம்ப்ளெயின்ட் ஒண்ணும் பண்ணலையே மிஸ்" என்றார் சம்பங்கி அண்ணன்.

சிரிப்புச் சத்தத்தில் சுனிதா அக்கா கண் விழித்தார். நாங்கள் நான்கு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் வெளுத்துவிட்டது. நோட்டைப் பிடுங்கப் போனார்.

"உக்காருடி" என்றார் வெங்கடம்மா. "ஆறு வருசமா திருட்டுத்தனமா போட்டுனு வந்திருக்கே. ஒண்ணாவது முழிச்சினு கீற மாதிரி போட்டிருக்கியா? எம் பேரன் பாத்தா, எங்க ஆயா வேலைக்கே போறதில்ல, ரயில்ல தூங்கினேதான் கீதுன்னு சொல்லுவான்."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பதிப்பகம், பத்து நாள், வராத கண் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வெங்கடம்மா கேட்டுவிட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். "அவ்ளோதானே? இன்னைக்கு நான் தூங்கல. போடு."

வெங்கடம்மாவுக்கு ஒரு நாளில் நிம்மதியாகக் கிடைக்கும் தூக்கமே அந்த ரயில் தூக்கம்தான்.

அன்று வரைந்தது நன்றாக வரவில்லை. "இது நான் இல்ல, பேய்" என்று வெங்கடம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் சம்பங்கி அண்ணன் விடவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டார். "எங்கப்பா காலத்துல மைன்ஸ்ல மூணு ஷிப்ட். நம்ம பெட்டிக்கு ஒரே ஷிப்ட். முழிப்பு ஷிப்ட்." ஒரு நாளைக்கு ஒருவர். அவர் முறை வரும் நாளில் அவர் தூங்கக் கூடாது. எலைன் மிஸ் தன் நாளில் பவுடர் போட்டு வந்தார். சம்பங்கி அண்ணன் தேக்கல் ஸ்டேஷன் வருவதற்குள் தூங்கிவிழுந்து, மறுநாளும் ஷிப்ட் பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கும் ஒருநாள் போட்டார்கள்.

எல்லாப் படத்திலும் அதே குறைதான். மூக்கு அவர்கள் மூக்கு, காது அவர்கள் காது. கண் மட்டும் யாருடையதோ.

ஒன்பதாம் நாள் மறுபடி வெங்கடம்மாவின் முறை. படம் பாதி ஆகும்போது திடீரென்று கேட்டார்.

"ஏன்டி, நீ என்னைப் பாக்கவே மாட்டேங்குற?"

"பாத்துட்டுதானேக்கா இருக்கேன்."

"மூக்கப் பாக்குறே. காதப் பாக்குறே. கண்ணாண்ட வந்தா சடக்குன்னு குனிஞ்சிக்கிறே. நான் கவனிச்சினுதான் வர்றேன்."

அக்காவின் பென்சில் நின்றது. "தூங்கறவங்கன்னா நல்லால்லன்னு சொல்ல மாட்டாங்கக்கா" என்றார். "அதான் பழகிப்போச்சு. நீங்க பாத்துட்டே இருந்தா, இப்பவே தெரிஞ்சுடுமோன்னு பயமா இருக்கு."

"இன்னா தெரிஞ்சுடும்?"

"எனக்கு வரைய வரலன்னு."

வெங்கடம்மா இரக்கப்படவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. "நல்லால்லன்னா நான் நல்லால்லன்னுதான் சொல்லுவேன். ஏற்கெனவே பேய்னு சொன்னேனே, நீ செத்தா பூட்டே? மறுநாளும் வந்து உக்காந்தே இல்ல? நிமுந்து பாருடி!"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மாலூர் வரைக்கும் ஒரு கோடுகூடப் போடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். வெங்கடம்மாவும் விடாமல் பார்த்தார். அவர் திட்டி முடித்திருந்தார், ஆனால் திட்டு இன்னும் கண்ணில் இருந்தது. அதற்குக் கீழே, இந்தப் பெண் அழுதுவிடுவாளோ என்கிற கவலையும். மாலூர் தாண்டியதும் பென்சில் ஓட ஆரம்பித்தது. வொய்ட்ஃபீல்ட் வரும்போது வெங்கடம்மா படத்தை வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"காது பெருசா கீது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கண்ணோடு பூக்காரம்மாவையும், அவரை நிமிர்ந்து பார்க்கும் சிறுமியையும் வரைந்து பத்தாம் நாள் அனுப்பினார். இரண்டு நாள் கழித்து, ரயில் மாலூரை விட்டுக் கிளம்பிய நேரம், எடிட்டரின் போன் வந்தது. அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ஸ்பீக்கரை மெதுவாக வைத்தார். நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தோம்.

"அந்தப் பொண்ணு சூப்பர் சுனிதா! ஆனா பூக்காரம்மா கொஞ்சம் கோவமா இருக்காங்க இல்ல? குழந்தைங்க புக்காச்சே. லைட்டா ஒரு ஸ்மைல் குடுத்துடலாமா?"

கம்பெனியில் தவளை இதயத்தை ஊதா நிறத்தில் கேட்டபோதும் "சரி சார்" என்று போட்டுக் கொடுத்தவர் அக்கா. இப்போதும் அதேபோல வாயைத் திறந்தார். மூடினார்.

"இல்ல மேடம்" என்றார். "அது கோவம் இல்ல. தொலஞ்சுபோன புள்ளயப் பாத்தா இவங்க அப்படித்தான் பாப்பாங்க. முதல்ல திட்டுவாங்க. அப்புறம்தான் தூக்கிப்பாங்க. சிரிக்க வெச்சா அது வேற யாரோ ஆயிடும். நான் மாத்தல மேடம்."

புத்தகம் போய்விட்டது என்றே நினைத்தேன். எலைன் மிஸ் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டார்.

வெங்கடம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. போன் பக்கம் குனிந்தார். "யாரும்மா அது, என்னைக் கோவமா கீறேன்னு சொல்றது?"

"பின்னாடி பேசறது யாரு?" என்றார் எடிட்டர்.

"அவங்கதான் மேடம்."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சரி, சரி. ஒண்ணும் மாத்தாதீங்க. மிச்ச பக்கத்தைப் பத்திப் பேசலாம்."

சம்பங்கி அண்ணன் எங்கள் பெட்டியின் சட்டத்தை மறந்து விசிலடித்தார். அந்தப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ கன்னடத்தில் திட்டினார்கள். அக்கா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "சொல்லுங்க மேடம்" என்றார். வெங்கடம்மா, "காது பெருசா கீது, அத மட்டும் மாத்தச் சொல்லு" என்று அவர் தோளை இடித்துக்கொண்டிருந்தார்.