வசந்தாக்கா சொதப்பினதா சொல்ற அந்த டெமோ

வசந்தாக்கா போயிட்டாங்க. இன்னிக்குக் காலைல. பத்து நாளா டெங்கு... நேத்து வரைக்கும் தேறிடுவாங்கன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க.

நியூ டவுன் ஆபீஸ்ல என்கூட வேலை பார்த்தவங்க. லினக்ஸ் மெஷின்ல என்ன கோளாறுன்னாலும் நாங்க எல்லாரும் அவங்க சீட்டுக்குத்தான் போவோம்.

பொறந்தது வளர்ந்தது எல்லாம் பாலிகஞ்ச். தமிழ் நல்லா பேசுவாங்க, நடுநடுவுல பெங்காலி வந்து விழும். ஆபீஸ்ல அவங்க 'பொஷொந்தா தி', 'தி'ன்னா அக்கா. இங்க பெங்காலிக்காரங்க வாயில 'வ' நிக்காது, 'ப' ஆயிடும். பேசிப் பேசி அவங்களுக்கும் அப்படியே ஆகிப்போச்சு.

நான் திண்டுக்கல்லேர்ந்து வந்த புதுசு. ஒரு ஞாயித்துக்கிழமை, வேண்டாத வேலையா, என் லேப்டாப்ல இருந்த கிராஃபிக்ஸ் டிரைவர் சாஃப்ட்வேரைத் தூக்கிட்டு வேற போடலாம்னு பார்த்தேன். ஸ்க்ரீன் கறுத்துப்போச்சு. வெறும் எழுத்து மட்டும் வருது. அழாத குறையா அவங்களுக்கு போன் பண்ணேன்.

"எக்டு தாரா, கொஞ்சம் இருடி, சோறு வடிச்சிட்டு வர்றேன்"னாங்க. வடிச்சிட்டுத் திரும்ப போனுக்கு வந்தாங்க. ஒவ்வொரு எழுத்தா அவங்க சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். என்விடியான்னு அடிக்கணும். என்... பி... ஐ...

அப்படி ஒரு பேக்கேஜே இல்லைன்னு வருது. மூணு தடவை அடிச்சாச்சு.

"என்னடி அடிக்கிற நீ? பி. என் பேர்ல முதல்ல வர்ற பி."

"உங்க பேர்ல ஏதுக்கா பி?"

சிரிச்சாங்க பாருங்க... 'வி'க்குப் பதிலா 'பி' சொல்லிட்டிருந்தது அப்பத்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது.

அப்புறம் அந்த டெமோ. இதைக் கொஞ்சம் விவரமாத்தான் சொல்லணும்.

டெமோ லேப்டாப்ல, திரையில படம் காட்டுற கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டு. இன்டெல் சின்னது, என்விடியா பெரிசு. ப்ரொஜெக்டர் வயர் சொருகுற இடம் பெரிய கார்டோடதான் சேர்ந்திருக்கும். சின்னதுக்கு மாத்திட்டா ப்ரொஜெக்டர்ல ஒண்ணும் வராது. இதுல இன்னொரு வம்பு என்னன்னா, மாத்தின உடனே எதுவும் தெரியாது. மெஷினை அணைச்சுப் போடுற அடுத்த ரீபூட்லதான் மாறும்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த மெஷின்ல நான்தான் உக்காந்திருந்தேன். பெரிய கார்டு சூடாகி ஃபேன் சத்தம் தாங்கல. இன்டெல்லுக்கு மாத்திவிட்டேன். ஃபேன் அப்படியே கத்திட்டிருந்தது. சரி கிடன்னு மூடி வச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

மறுநாள் கிளையன்ட் வந்து உக்காந்தாச்சு. எதுக்கும் இருக்கட்டும்னு வசந்தாக்கா ஒரு தடவை ரீபூட் பண்ணாங்க. ப்ரொஜெக்டர்ல 'நோ சிக்னல்'.

வயரை மாத்தினாங்க. ப்ரொஜெக்டரை அணைச்சுப் போட்டாங்க. அப்புறம்தான் கார்டு மாறியிருக்கிறதைப் பார்த்தாங்க. திரும்ப என்விடியாவுக்கு மாத்தி, ரீபூட் பண்ணி, படம் வர்றதுக்குள்ள கிளையன்ட் எழுந்து கிளம்பிட்டாங்க.

மேனேஜர் மித்ரா சார் எல்லார் முன்னாடியும் கேட்டார், "டெமோ நேரத்துல யாராவது செட்டிங்கைத் தொடுவாங்களா, பொஷொந்தா?" கடைசியா கை வச்சது அவங்கதானே.

நான் பின் வரிசைல இருந்தேன். வாயைத் திறக்கல.

மத்தியானம் வசந்தாக்கா என்னைக் கீழ டீக்கடைக்குத் தனியா கூட்டிட்டுப் போனாங்க. "நேத்து சாயங்காலம் மாத்தினது நீதானேடி? மெஷினோட லாக் பதிவுல உன் பேர் இருக்கு."

தலையை ஆட்டினேன்.

"ப்ரொபேஷன் எப்ப முடியுது?"

"அடுத்த மாசம்க்கா."

"அச்சா." டீயைக் குடிச்சு முடிச்சாங்க. "மாத்தினா ரீபூட் பண்ணிப் பாரு. பாதியில விட்டுட்டுப் போகாத." அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.

எனக்கு வேலை நிரந்தரமாச்சு. அவங்களை அப்புறம் ஒரு டெமோவுக்கும் கூப்பிடல. டீம் லீட் போஸ்ட்டும் வேற ஒருத்தருக்குப் போச்சு.

மித்ரா சார்கிட்ட சொல்லிடணும்னு நினைப்பேன்... இந்த அப்ரைசல் முடியட்டும், அடுத்தது முடியட்டும்னு... நாலு வருஷம் ஓட்டிட்டேன். எழுதும்போதே வெக்கமா இருக்கு.

இன்னிக்கு ஆபீஸ் குரூப்ல மித்ரா சார் நல்ல மனசோடதான் எழுதியிருக்கார். "அந்த ஒரு டெமோவைத் தவிர பொஷொந்தா ஒரு தப்பும் பண்ணினதில்லை"ன்னு. கீழ எல்லாரும் கைகூப்புற எமோஜி வச்சிருக்காங்க.

சார், நீங்க என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க. படிப்பீங்க. அந்த ஒண்ணும் அவங்க பண்ணினது இல்ல. நான் பண்ணினது.

பாலிகஞ்ச் வீட்டுக்குப் போயிட்டு இப்பதான் வந்தேன். அவங்க தங்கச்சி என் கையைப் புடிச்சுக்கிட்டு அழறாங்க. "ஆபீஸ்ல ஒரு டெமோவைக் கெடுத்துட்டேன், கெடுத்துட்டேன்னு சொல்லிட்டே இருப்பா, பாவம்"ங்கிறாங்க.

வீட்டுல கூட என் பேரைச் சொல்லல.

அங்கயே, அந்தத் தங்கச்சிகிட்ட உண்மையைச் சொன்னேன். புடிச்சிருந்த கையை எடுத்துக்கிட்டாங்க.

அஞ்சு மணிக்கு எடுக்கிறாங்க. திரும்பப் போறேன்.

மன்னிச்சிடுங்கக்கா. போயிட்டு வாங்க.