மலைத்தம்பிக்காக ஒரு ஜெபம்

மைக் ஐயாவுக்கு அந்தப் பெயர் வந்ததே, அவருக்கு மைக் தேவைப்படாததால்தான். போதகர் படிப்புக்குப் போவதற்கு முன்பு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகிய தொண்டை, வேதாகமக் கல்லூரியில் படித்தும் அடங்கவில்லை. துக்க வீட்டில் அவர் ஆறுதல் சொன்னால் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்து ஆறுதல் கிடைத்துவிடும். மற்றபடி தங்கமான மனிதர். குழந்தை பிறந்த வீடு, வேலை போன வீடு, சண்டை நடக்கும் வீடு என்று எங்கே பார்த்தாலும் முதல் ஆளாக நிற்பார். ஒரே ஒரு குறை. பேச ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மறந்துவிடுவார்.

மிஷனரி ஊழியம் என்றால் அவருக்கு உயிர். ஆராதனைக் கூடத்தின் சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டி, சுவிசேஷம் போக வேண்டிய இடங்களிலெல்லாம் குண்டூசி குத்தி வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அதைக் கையால் தட்டித் தட்டி, "போங்கள், புறப்பட்டுப் போங்கள்!" என்று முழங்குவார். சபையாரும் போனார்கள். வீட்டுக்கு.

சபையும் முன்போல் இல்லை. முன் வரிசை பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன. இளசுகள் டிரம்ஸ் வைத்திருக்கும் புதுச் சபைக்குத் தாவிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் பாட்டுக்கு எழுந்து, பிரசங்கத்துக்கு உட்கார்ந்து, நடுவில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தால் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள்.

அந்தச் சபை பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு விஷயம் இருந்தது. அதுதான் மலைத்தம்பி. மைக் ஐயா வருவதற்கு வெகு காலம் முன்பே, பழைய போதகர் ஒரு இளைஞரையும் அவர் மனைவியையும் எங்கோ தூரத்து மலைக்கு ஊழியத்துக்கு அனுப்பியிருந்தார். மைக் ஐயாவுக்கு அவரைத் தெரியாது. சபைப் பொறுப்போடு சேர்ந்து அந்த ஜெபமும் அவர் கைக்கு வந்தது. "ஆண்டவரே, மலைமேல் நடக்கிற எங்கள் மலைத்தம்பியின் கால்களைப் பெலப்படுத்தும்." இதைச் சொன்னால் போதும், தூங்கி வழிகிறவர்கள்கூட விழித்துக்கொண்டு "ஆமென்" என்பார்கள். கொஞ்ச நாளாக மலையிலிருந்து தகவல் ஒன்றும் இல்லை. அங்கே சிக்னல் கிடைக்காது என்று யாரோ சொன்னார்கள். அப்படி நம்புவது வசதியாக இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள்.

ஒரு நாள் சாயங்காலம், சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் மைக் ஐயா மனம் விட்டுப் பேசினார்.

"இந்த ஞாயிறு கடைசியா ஒரு தடவை கேட்கப் போறேன். நான் போறேன்னு ஒருத்தராவது எழுந்திருக்கலைன்னா, வேற சபைக்கு மாற்றல் கேட்டுடுவேன். சுவத்துகிட்ட எத்தனை நாள்தான் பேசறது?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தான் ஊழியத்துக்கு அழைக்கப்பட்டதே தப்போ என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

போதகரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கேளுங்க, வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. கடைசி பெஞ்சுல சுவரோரமா ஒருத்தர் உட்காருறாரே, அவர் யாரு?"

"எந்த ஒருத்தர்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! மாசக்கணக்கா வர்றாரு. நீங்க கடைசி ஜெபத்துக்குக் கண்ணை மூடினதும் எழுந்து போயிடறாரு. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாண்டரியில துணி தேய்ச்சுக்கிட்டிருக்கிறதைப் பார்த்தேன். வந்து உட்காருற மனுஷனை விசாரிக்க நேரமில்ல, உலகத்தோட கோடிக்கு ஆள் தேடுறீங்களாக்கும்."

மைக் ஐயாவுக்குச் சுருக்கென்றது. மறுநாளே லாண்டரிக்குப் போனார்.

உள்ளே நீராவியும் கஞ்சி வாடையுமாக இருந்தது. விடுதிப் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்க, நரைத்த தாடிக்காரர் ஒருவர் இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான தேகம். விரிப்பு ஒன்றை மடித்துவிட்டு மூச்சு வாங்கிய பிறகுதான் அடுத்ததை எடுத்தார்.

"ஸ்தோத்திரம் பிரதர்!" என்றார் மைக் ஐயா. ஹேங்கரில் தொங்கிய சட்டைகள் ஆடாததுதான் பாக்கி.

"ஸ்தோத்திரம் ஐயா."

அதற்குமேல் விசாரிப்பாவது ஒன்றாவது! வந்த வேலையை மறந்து பிரசங்கத்தில் இறங்கிவிட்டார் மனுஷன். "இந்த ஞாயிறு கட்டாயம் வாங்க, கடைசி வரைக்கும் இருங்க. நம்ம சபை சாதாரண சபை இல்ல. மலைத்தம்பின்னு ஒருத்தரை நாங்க அனுப்பியிருக்கோம். எப்பேர்ப்பட்ட தியாகம் தெரியுமா? அவரைப் பத்திக் கேட்டாலே உங்களுக்கு உற்சாகம் வந்துடும்!"

தாடிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஐயா, அது நான்தான்."

மைக் ஐயா வாழ்க்கையிலேயே முதல் முறையாக வாயடைத்துப் போனார். பக்கத்தில் இருந்த துணி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மலைக்காய்ச்சல்ல என் மனைவி போயிட்டா. எனக்கும் நுரையீரல் கெட்டுப்போச்சு. இனிமே மேலே இருந்தா தாங்காதுன்னு டாக்டர் இறக்கி விட்டுட்டாரு. இது என் அக்கா வீட்டுக்காரரோட கடை."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?"

"சொல்லத்தான் வந்தேன். வந்த முதல் ஞாயிறே நீங்க எனக்காக ஜெபம் பண்ணீங்க. சபை முழுக்க ஆசையா ஆமென்னு சொல்லிச்சு. அந்த நேரத்துல எழுந்து நின்னு, நான் இறங்கி வந்துட்டேன்னு எப்படிங்க ஐயா சொல்றது? அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு விட்டேன். வாரம் போகப் போக வாயே வரலை."

"ஒருத்தருக்குக்கூடவா அடையாளம் தெரியலை?"

"போனப்போ தலையில முடி இருந்துச்சு, உடம்புல சதை இருந்துச்சு." லேசாகச் சிரித்தார். "என்னை வழியனுப்பினவங்கல்லாம் ஊருக்கு வெளியே வீடு மாத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. பாதியில திரும்பி வந்தவன்னு பேர் வேண்டாம்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வழியெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசி பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு, மலையேறக் கால் பெலம் கேட்டு ஜெபித்த சபை இது! இப்படி ஒரு கூத்து வேறெங்காவது நடக்குமா?

ஞாயிறும் வந்தது. பாட்டு முடிந்தது, அறிவிப்பு முடிந்தது, ஜெப நேரம். "ஆண்டவரே" என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய ஜெபத்தைச் சொன்னால் அது பொய். உண்மையைச் சொன்னால் கொடுத்த வாக்கு என்னாவது? அவருக்கு மைக்கே தேவையில்லை என்பதையும் மறந்து, மைக் கெட்டுவிட்டதோ என்று ஒருவர் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார்.

அப்போது கடைசி பெஞ்சு கிரீச்சிட்டது.

"ஐயா, இந்த வாரம் நான் ஜெபிக்கிறேன்." போதகர் தனக்காகத் தவித்து நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நான்தான் நீங்க சொல்ற மலைத்தம்பி. இறங்கி வந்து பல மாசம் ஆச்சு. மன்னிச்சிடுங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தனக்காக எதுவும் கேட்கவில்லை. மலையில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மாவுக்கு மழைக்குள் கூரை வேண்டும் என்றார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்த கிழவர் அதை மறந்துவிடக் கூடாது என்றார். காதில் சீழ் வடிகிற சின்னப் பெண்ணுக்குக் காது கேட்க வேண்டும் என்றார். நடுநடுவே இருமல் வந்தது. நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்தார். இத்தனை காலம் குண்டூசியாகத் தெரிந்த இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் அந்தச் சபைக்கு உறைத்தது. பலர் வெளிப்படையாகவே அழுதார்கள்.

ஆமென் சொன்ன கையோடு நர்ஸக்கா எழுந்தார். பாடகர் குழுவில் முதல் குரல், கமிட்டியிலும் முதல் குரல். மைக் ஐயாவுக்கு வாயால் ஈடுகொடுக்க அந்தச் சபையில் அவர் ஒருவரால்தான் முடியும்.

"தம்பி, அந்தப் பொண்ணு காதுக்கு இப்ப யாரு மருந்து போடுறா?"

"யாரும் இல்லைக்கா."

"யாரும் இல்லைன்னா எப்படி? சீழ் வடிஞ்சா சும்மா விடுற விஷயமா அது? எனக்கு லீவு இருக்கு, நான் போறேன்." அதோடு விட்டாரா? போதகர் பக்கம் திரும்பினார். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. போங்க போங்கன்னு எங்களைச் சொல்றீங்களே, நீங்க ஒரு தடவையாவது அங்க போயிருக்கீங்களா?"

ஒரு ஆள் எழுந்திருக்க மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவர், வரைபடத்தையும் நர்ஸக்காவையும் மாறி மாறிப் பார்த்து அசடு வழிந்தார்.

"இல்லம்மா. போனதில்லை. எனக்கு அது தோணவே இல்லை." பீடத்தை விட்டுக் கீழே இறங்கினார். "வரேன். நானும் வரேன். எனக்கு மருந்து போடத் தெரியாது, ஆனா கூரை போடத் தெரியும். பட்டறைக்குத் தகரம் மாத்தும்போது கத்துக்கிட்டது."

"கூரைக்கு நானும் வரேன், ஐயா. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா வேலை முடியாது," என்று தச்சுவேலை பார்க்கும் ஒருவர் குரல் கொடுக்க, சபை அழுகையோடு அழுகையாகச் சிரித்தது.

மைக் ஐயா நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் மலைத்தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த மாதம் பாதை காய்ந்திருக்கும், யார் வீட்டில் தங்கலாம், என்ன எடுத்துப் போகலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இந்த முறை முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அடிவாரம் வரைக்கும் நானும் வரேன், ஐயா," என்றார் மலைத்தம்பி. "மேலேதான் ஏறக் கூடாதுன்னாங்க. வழி சொல்லி அனுப்பறேன்."

போதகரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேலே போனதும் நாங்க நடத்தின பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. அங்கதான் என் மனைவியை அடக்கம் பண்ணியிருக்கு. அடிவாரம் வரைக்கும் வந்துட்டு நான் ஏறி வரலையேன்னு கோவிச்சுக்கப் போறா. சபையிலேர்ந்து ஆள் வந்திருக்குன்னு முதல்ல சொல்லிடுங்க, ஐயா. ஆள் எப்ப வரும்னுதான் அவ எப்பவும் கேட்டுக்கிட்டே இருந்தா."